கடல் விலகிய ஊரில் ஒரு வார இறுதி

தைவானுக்குப் படிக்க வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் சீக்கிரமே சொல்லிவிடுவார்: "சாப்பிடணும்னா தைனான் போ." எங்கள் ஆய்வகத்தில் அதைச் சொன்னவன் தைனான்காரன். தலைநகரமான தைப்பேயில் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். ஏன் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு மட்டும் இவ்வளவு பேர் என்று கேட்டால், "பழைய ஊர்" என்பதோடு பதில் நின்றுவிடும். பழமை மட்டுமே நல்ல சமையலைத் தந்துவிடாது. போன டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு அங்கே சுற்றியபோது வேறொரு காரணம் புரிந்தது. தைனான் தட்டில் வருகிற மீன், சிப்பி, உப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடல் இருக்கிறது. அந்தக் கடலில் பெரும்பகுதி இன்றைய வரைபடத்தில் இல்லை.

என்னோடு வந்த அக்கா தூத்துக்குடிக்காரர். முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர். நாங்கள் படிக்கும் சின்ச்சூ நகரைக் "காற்று நகரம்" என்பார்கள். குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கினால் குடையை விரிக்க முடியாது. அன்றைக்கும் காலையில் தூறல். ரயில் தெற்கே போகப் போக வானம் வெளுத்தது. சியாயி அருகே கடகரேகையைத் தாண்டும்போது நல்ல வெயில். தீவின் நடுவில் நெடுக நிற்கும் மலைத்தொடர் காற்றின் ஈரத்தை வடக்கிலும் கிழக்கிலும் கொட்டவைத்துவிடுவதால் தென்மேற்குக் கரைக்கு வறண்ட காற்றுதான் வந்து சேர்கிறது. தூத்துக்குடியில் உப்பு வேலையை நிறுத்துகிற அதே பருவத்தில் இங்கே உப்பு விளைகிறது. அக்கா இதை ரயிலிலேயே கவனித்துச் சொன்னார். மறுநாள் மாலை அவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார் என்பதற்கும் அதுதான் காரணம்.

தைனானில் இறங்கியதும் முதல் வேலை நூடுல்ஸ். "தான்சாய்" நூடுல்ஸ் என்று இதற்குப் பெயர். 1895-இல் ஹோங் யூ-தோ என்ற மீனவர் தொடங்கியது. கோடையில் புயல் மாதங்கள் வந்தால் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களைத் தள்ளுவதற்காகத் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் கிண்ணங்களுமாகக் கோயில் வாசலில் நூடுல்ஸ் விற்றார். இன்றைக்கும் பழைய கடைகளில் சமைப்பவர் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, தரையோடு தரையாக இருக்கும் அடுப்பில்தான் வேலை செய்கிறார். கிண்ணம் சின்னது, நம் ஊர்த் தயிர்க் கிண்ணம் அளவுதான் இருக்கும். இறால் தலையைப் போட்டுக் காய்ச்சிய சாறு, நெடுநேரம் வெந்த பன்றிக் கொத்துக்கறி ஒரு கரண்டி, அரைத்த பூண்டு, துளி கறுப்புக் காடி, மேலே ஒரே ஒரு இறால். வயிற்றை நிரப்ப வந்த உணவு இல்லை. இரண்டு வேளைக்கு நடுவே பசியை ஆற்றுவதற்கு. கடலுக்குப் போகாத மீனவர் விற்ற சாப்பாட்டிலும் கடல்தான் சுவை தருகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாவற்றிலும் கொஞ்சம் இனிப்பு இருக்கிறது. சாறில், கறியில், தொட்டுக்கொள்ளும் சாஸில்கூட. வடக்குத் தைவான்காரர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். ஆனால் இந்த ஊர் கரும்பில் வளர்ந்த ஊர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கரும்பு விளைவித்து ஜப்பானுக்கும் பாரசீகத்துக்கும் சர்க்கரை ஏற்றினார்கள். அதற்காகச் சீனாவின் ஃபுஜியான் கரையிலிருந்து குடியானவர்களைக் கொண்டுவந்தார்கள். தலைவரி கொடுத்துச் சலித்த அவர்கள் 1652-இல் கிளர்ந்து எழுந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதற்கு மறு ஆண்டு, இன்னொரு கலகம் வந்துவிடக்கூடாது என்று டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைதான் இன்று சிகான் கோபுரம் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடம். டச்சுச் சுவரில் மிச்சம் கொஞ்சம்தான். மேலே இருப்பவை பின்னால் வந்த சீனப் பாணி மண்டபங்கள். இனிப்பான விலாங்கு நூடுல்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு அதைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை.

சிகான் கோபுரத்தின் முன்னால் ஒன்பது கல் ஆமைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல்வெட்டு. 1780-களில் நடந்த ஒரு பெருங்கலகத்தை அடக்கியதற்காக அப்போது தைவானையும் ஆண்ட சீனப் பேரரசர் ச்சியென்லோங் வெட்டி அனுப்பியவை. சீனத்திலும் மஞ்சூ மொழியிலும் எழுதியிருக்கிறது. வந்தவை பத்து ஆமைகள். கப்பலிலிருந்து இறக்கும்போது ஒன்று தண்ணீரில் விழுந்து மூழ்கிப் போனது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அது கிடைத்தபோது ஊர்மக்கள் கோயிலில் வைத்துவிட்டார்கள். இன்றும் அதற்கு வழிபாடு நடக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னபோது அக்கா சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டார்: "கப்பல்லருந்து இறக்குனாங்களா? கடல் எங்கடா இருக்கு இங்க?"

சரியான கேள்வி. சிகான் கோபுரத்தைச் சுற்றி ஸ்கூட்டரும் கடையும் போக்குவரத்து விளக்கும்தான். ஆனால் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைக் கட்டியபோது அலை அதன் காலடியில் அடித்தது. எதிரே தைஜியாங் என்ற உள்கடல். அதற்கப்பால் வரிசையாக மணல் திட்டுகள். அவற்றில் ஒன்றின் மேல், 1624-இல் கட்டத் தொடங்கிய ஸீலாண்டியா கோட்டை. ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் படகில்தான் போக வேண்டும். இப்போது அதே வழியில் வாடகை சைக்கிள் மிதித்துப் போகலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

பழவேற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும். கரை, காயல், அதற்கப்பால் மணல் திட்டு, பிறகு பெருங்கடல். அதே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலத் துணியை வாங்கித் தென்கிழக்கு ஆசியாவில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கிய அதே ஆட்கள், தைவானில் மான் தோலும் சர்க்கரையும் வாங்கி ஜப்பானில் விற்றார்கள். ஆழம் குறைந்த, புயலுக்கு ஒதுங்க வசதியான காயல்களை அவர்கள் கண் தேடிப் பிடித்திருக்கிறது.

மாலையில் நகரின் மேற்குப் பக்கத்துச் சந்துகளில் நடந்தோம். தைனானில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஷென்னோங் தெரு என்ற பழைய தெருவில் இப்போது காபிக் கடைகளும் விளக்குகளும் நிறைந்திருக்கின்றன. மாடியைப் பார்த்தால் சரக்கைக் கயிறு கட்டி ஏற்றுவதற்கான பெரிய கதவுகள் தெரியும். உள்கடல் தூர்ந்து கரை மேற்கே நகர்ந்தபோது, வணிகர்கள் விடவில்லை. சேற்றுக்கு நடுவே ஐந்து கால்வாய்களை வைத்துக்கொண்டு கடலை எட்டிப் பிடித்தார்கள். படகு வீட்டின் பின்வாசல் வரை வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காற்றுக் கடவுளுக்கு ஒரு சின்னக் கோயில். அதன் முன்னால் 1777-இல் எழுப்பிய கல் வளைவு. சீனாவிலிருந்து வந்த அதிகாரிகள் படகிலிருந்து இறங்கி அந்த வளைவின் வழியாகத்தான் ஊருக்குள் வருவார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் காற்றுக்குக் கோயில் கட்டாமல் எந்தத் துறைமுகமும் நிம்மதியாக இருந்திருக்காது. இப்போது அந்த வளைவைச் சுற்றி அடுக்கு மாடி வீடுகள், துணி காயும் மாடங்கள்.

இரவுச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கூட்டம், பெரிய சத்தம். தைவானின் எந்த ஊரிலும் கிடைப்பதுதான் கிடைக்கிறது. சவப்பெட்டி ரொட்டி என்று ஒன்று தருவார்கள்; தடித்த ரொட்டியைப் பொரித்து, நடுவைக் குடைந்து, பால் சேர்ந்த குழம்பை ஊற்றி மூடியது. ஒரு முறை சாப்பிடலாம். சைவம் மட்டும் சாப்பிடும் நண்பர்கள் பயப்பட வேண்டாம்: பௌத்தர்களுக்கான சைவக் கடைகள் எல்லாப் பகுதியிலும் உண்டு, விலையும் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

தைனானைப் பார்க்க வேண்டிய நேரம் இரவல்ல, விடியற்காலை. ஞாயிறு ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். ஆய்வகத் தோழன் காரோடு வந்துவிட்டான். ஒரு பக்கம் மாட்டுக்கறிச் சூப்புக் கடைகளில் ஏற்கெனவே வரிசை. இரவு வெட்டிய இறைச்சியைக் குளிரூட்டாமல் அப்படியே கொண்டுவந்து, மெல்லிசாகச் சீவிக் கிண்ணத்தில் பச்சையாக வைத்து, கொதிக்கும் சாற்றை அதன்மேல் ஊற்றித் தருகிறார்கள். வீட்டில் உழவு மாடு வைத்திருந்த தன் பாட்டி கடைசிவரை மாட்டுக்கறி தொட்டதில்லை என்று தோழன் சொன்னான். அவன் சாப்பிடுவான். நாங்கள் அந்த வரிசையைத் தாண்டி மீன்கஞ்சிக் கடைக்குப் போனோம்.

பால்கெண்டையைத் தைனான்காரர்கள் போல யாரும் கொண்டாடிப் பார்த்ததில்லை. நம் கரையிலும் கிடைக்கிற மீன்தான். முள்ளுக்குப் பயந்து நம்மில் பலர் வாங்குவதில்லை. இருநூறுக்கும் மேல் முள், அதுவும் மயிர்போல் சதைக்குள் கிளைத்த முள். இங்கே அந்த முள்ளை எடுப்பது ஒரு தனித் தொழில். அன்றைக்குக் கடையின் பின்பக்கம் ஒரு அம்மா, கத்தியை மீனின் முதுகோடு ஒட்டி இழுத்து, முள் தங்கும் சதையைத் தனியாகவும் வயிற்றுப் பகுதியைத் தனியாகவும் பிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணைவிட விரல்தான் அதிகம் பார்த்தது. முள்ளுள்ள சதையை அரைத்து உருண்டையாக்குகிறார்கள். தோலுக்கு ஒரு சூப்பு, தலைக்கு ஒரு குழம்பு, வயிற்றுக்கு இஞ்சி போட்ட சாறு அல்லது பொரியல். குடலைக்கூட வறுத்துத் தருகிறார்கள். அது விடியற்காலையில் மட்டும்தான், ஏனென்றால் சில மணி நேரம் போனாலே கெட்டுவிடும். நாங்கள் போனபோது கடைசித் தட்டு இருந்தது. லேசான கசப்பு, பிறகு நல்ல கொழுப்பு. ஐஸில் வைத்து வடக்கே அனுப்ப முடியாத சாப்பாடு. தைனான் வந்தால்தான் உண்டு.

கஞ்சி நம் கஞ்சி போலக் குழையாது. மீன் எலும்புச் சாற்றில் சோறு மிதக்கும். மேலே வயிற்றுத் துண்டு, நாலைந்து சிப்பி, பொரித்த பூண்டு, நறுக்கிய செலரி. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு கிண்ணம் சொன்னார்.

அங்கிருந்து ஆன்பிங். ஸீலாண்டியா கோட்டை இருந்த மணல் திட்டு இப்போது நகரத்தோடு ஒட்டிவிட்டது. 1661 வசந்தத்தில் சீனத் தளபதி செங் செங்கோங், ஐரோப்பியர்கள் கோசிங்கா என்று அழைத்தவர், பெருங்கப்பல் படையோடு வந்தார். டச்சுப் பீரங்கிகள் காத்த முக்கிய வாய்க்காலை விட்டுவிட்டு, வடக்கே மணல் மூடி ஆழம் குறைந்திருந்த லுஅர்மென் வாயில் வழியாக, ஓதம் ஏறிய நேரம் பார்த்து உள்கடலுக்குள் நுழைந்துவிட்டார். ஒன்பது மாத முற்றுகை. 1662 பிப்ரவரியில் ஆளுநர் ஃபிரெடெரிக் கோயெட் கோட்டையை ஒப்படைத்தார். டச்சுக் காலத்துச் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது, செங்கல்லும் ஆல வேர்களுமாக. சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பையும் மணலையும் சர்க்கரைக் கரைசலிலும் ஒட்டரிசிக் கஞ்சியிலும் குழைத்துக் கட்டியது. நம் ஊர்க் கொத்தனார்கள் வெல்லமும் கடுக்காயும் சேர்த்த சாந்தை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நகம் இறங்கவில்லை.

பக்கத்திலேயே மர வீடு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கடை போட்ட டைட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கிடங்கு. ஜப்பானியர் ஆட்சியில் உப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. பிறகு கைவிடப்பட்டு, ஆலமரம் கூரையைப் பிளந்து உள்ளே இறங்கிவிட்டது. எல்லோரும் வேரைப் படம் பிடிக்கிறார்கள். இந்தக் கிடங்குக்கு முன்னால் ஒரு காலத்தில் படகு வந்து நின்றது என்பதுதான் என்னை அங்கே நிறுத்தியது. துறைமுகம் மண்ணில் மூடியதும் வணிகம் போனது, மரம் வந்தது.

அந்த உள்கடலை மூடியது 1823-இல் வந்த ஒரு பெரும்புயல். செங்வென் ஆறு திசை மாறி, மலையிலிருந்து அடித்து வந்த மண்ணை எல்லாம் தைஜியாங்கில் கொண்டுபோய்க் கொட்டியது. படகு ஓடிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சதுப்பாக, சதுப்பு திட்டாக மாறியது. அந்த உப்பு மண்ணில் நெல் வராது. வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி மீன் வளர்த்தார்கள். காலையில் நாங்கள் குடித்த கஞ்சி அந்தப் புயலில் தொடங்குகிறது.

சீகூ பகுதியில் தோழனின் மாமாவுக்கு ஒரு மீன் குளம் இருக்கிறது. குத்தகைக் குளம். கண்ணுக்கு எட்டிய வரை வரப்பும் தண்ணீரும்தான். அவர் தைவான் மொழியில் பேச, தோழன் எங்களுக்குச் சீனத்தில் சொன்னான். அந்தக் காலத்தில் குளம் முழங்கால் ஆழம்தானாம். தண்ணீரை வடித்து, அடி மண்ணை வெயிலில் வெடிக்க விட்டு, மறுபடி தண்ணீர் விட்டால் அடியில் பாசி படரும்; மீனுக்கு அதுதான் தீனி. குஞ்சுகளைக் கடலோரத்தில் வலை போட்டுப் பிடித்து வருவார்கள். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத அந்தக் குஞ்சுகளைக் கிண்ணத்தில் மொண்டு மொண்டு எண்ணுவார்கள், கணக்குத் தப்பாமல் இருக்க எண்களையே பாட்டாகப் பாடிக்கொண்டு. மாமா இரண்டு வரி பாடிக் காட்டினார். இப்போது குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருகிறது, குளம் ஆழமாகிவிட்டது, தீனி மூட்டையில் வருகிறது.

அவர் பயமெல்லாம் குளிர்தான். பால்கெண்டை வெப்பக் கடல் மீன். தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கினால் மிதக்கத் தொடங்கிவிடும். அதனால் குளத்தின் ஓரத்தில் ஆழமான பள்ளம் வெட்டி, வடக்குப் பக்கம் காற்றுத் தடுப்புக் கட்டி, குளிர்காலத்துக்கு மீனை அங்கே ஒதுக்குவார்கள். 2016 ஜனவரியில் வந்த குளிரலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. தைவான் முழுக்க மீன் வளர்ப்போருக்குப் பெரிய இழப்பு அது.

அறுவடை முடிந்து வடித்த பக்கத்துக் குளத்தில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். கருமுகக் கரண்டிவாயன். கொரியத் தீபகற்பத்தின் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகின்றன. 1990-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கச் சில நூறு பறவைகளே இருந்தன. இன்று பல ஆயிரம், அவற்றில் பெரும்பங்கு தைவானில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 2009-இல் இந்தக் கரையில் தைஜியாங் தேசியப் பூங்கா வந்ததும் ஒரு உதவி. ஆனால் பூங்காவுக்குள் மட்டும் அவை மேய்வதில்லை. வடித்த குளத்தில் மிஞ்சிய சின்ன மீனையும் இறாலையும் அலகால் துழாவித் தின்கின்றன. ஆழமான தண்ணீரில் அவற்றுக்கு நிற்கவே முடியாது. பழைய முறையில் மீன் வளர்க்கிற ஆள் இருக்கும்வரைதான் இந்தப் பறவைக்கு இங்கே இரை.

மாமாவின் குளத்துக்கு இரண்டு குளம் தள்ளி, தண்ணீருக்கு மேல் சூரியத் தகடுகள். இந்தக் கரை முழுக்க அவை வந்துகொண்டிருக்கின்றன. மீன் வளர்ப்பவர் கொடுக்கும் குத்தகையைவிட மின்சாரத்துக்கு நிலம் கேட்பவர்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்றார் மாமா. நிலத்துக்காரர் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா என்று அவருக்குத் தெரியவில்லை. தைவானுக்கு மின்சாரம் வேண்டும். நிலக்கரியும் எரிவாயுவும் கப்பலில் இறக்கும் தீவு இது, தகடுகளை நான் வெறுக்க முடியாது. ஆனால் இதற்கு நிலம் பார்க்கிறவர்கள் முதலில் கூரைகளைப் பார்க்க வேண்டும், குத்தகைக்காரரையும் பேச்சுவார்த்தையில் உட்கார வைக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளாகச் சேற்றிலிருந்து சாப்பாடு எடுத்தவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.

மாலையில் அக்கா கேட்ட இடம்: பெய்மெனில் உள்ள ஜிங்சாய்ச்சியாவ் உப்பளம். கடல்நீரை வெயிலில் காயவைத்து உப்பெடுக்கும் முறையைத் தைனானில் 1665-இல் தொடங்கியவர் கோசிங்காவின் மகனுக்கு அமைச்சராக இருந்த சென் யோங்ஹுவா என்பார்கள். ஊரின் கன்ஃபூசியஸ் கோயிலும் அதே ஆண்டு அவர் கட்டியதுதான். இந்த உப்பளம் 1818-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. சின்னச் சின்னப் பாத்திகள், அடியில் உடைந்த சாடிகளின் ஓட்டுத் துண்டுகள் பதித்தவை. நடுநடுவே உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார். "இங்க பாரு தம்பி, ஓட்ட எப்படி நெருக்கமாப் பதிச்சிருக்காங்க. உப்புல மண்ணு ஒட்டாது, சூடும் பிடிச்சு வைக்கும். எங்க ஊர்ல இதுக்குப் பதிலா பாத்திய மிதிப்பாங்க. அம்மா, சித்தி எல்லாம் மிதிச்சிருக்காங்க. நாள் பூரா. காலு வெடிச்சுப் போயிரும்." வாரியலைக் கையில் வாங்கி ஒரு பாத்தியில் உப்பு வாரிக் காட்டினார். அங்கிருந்த பெரியவர் அவர் கை போகும் விதத்தைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று தோழனிடம் விசாரித்தார்.

அக்கா படத்தை அப்பாவுக்கு அனுப்பினார். அவர் உப்பளத்தில் வேலை பார்த்து இவரைப் படிக்க வைத்தவர். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது: "நல்லாருக்கும்மா. அங்க ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி?"

தோழனிடம் கேட்டோம். வெயிலில் உப்புக் காய்ச்சும் தொழில் தைவானில் 2002-ஓடு நின்றுவிட்டது என்றான். கட்டுப்படியாகவில்லை. இந்தப் பாத்திகள் பார்க்க வருகிறவர்களுக்காகப் பிறகு மீட்டெடுத்தவை; உப்புக்கு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பல் வருகிறது. அக்கா அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார். திரும்பும் ரயிலில் அவரிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது, இந்த முறை நீளமானது. நம் பக்கம் இந்த வருடம் மழை எப்போது நின்றது, எந்த அளத்தில் பாத்தி கட்டத் தொடங்கிவிட்டார்கள், யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.